நிற்கிற நேரம்

நீங்களும் மோட்டார் டிரைவ் ரிப்பேருக்குத்தான் வந்திருக்கிறீர்களா? உட்காருங்கள். அந்தப் பக்கம் பெஞ்சுக்குக் கால் ஆடும், இப்படி வாருங்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், எனக்குப் பின்னால் நீங்கள். இந்தக் கடைக்கார இக்பால் கெட்டிக்காரர், ஆனால் அவசரப்பட மாட்டார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வந்ததிலிருந்து கவனிக்கிறேன்.

உங்களுடையது என்ன மெஷின்? மசாலா அரைக்கிறதா. நல்லது. அதில் சக்கு கிடையாது, தொல்லை கிடையாது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பட்டறைக்கு யார் வந்தாலும் என் சம்சாரம் துளசிமணிதான் பேசுவாள். நான் மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். என் பேர் ஆறுக்குட்டி என்பதைக்கூட அவளே சொல்லிவிடுவாள். இன்றைக்கு அவள் கூட வரவில்லை. வரவும் முடியாது. அவளைப் பற்றிப் புகார் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

சின்னவேடம்பட்டியில் எங்கள் பட்டறை. இரண்டு லேத். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. சிரிக்காதீர்கள், கல்யாணம் ஆன ஐந்தாம் வருடத்திலிருந்து அவள் லேத் ஓட்டுகிறாள். ஆள் வைத்துக் கட்டுபடியாகாமல் நான்தான் கற்றுக்கொடுத்தேன். நன்றாக ஓட்டுவாள். ஒரு குறைதான். நிற்பாள்.

நிற்பாள் என்றால், மெஷின் நிற்கிறவரைக்கும் நிற்பாள். லேத்தில் ஜாப் பிடிக்கிற வட்டமான இரும்புக்குச் சக்கு என்று பேர். அது சுற்றும், உளியை வைத்துக் கடைவோம். ஸ்விட்சை அணைத்தாலும் உடனே நிற்காது, ஓடி ஓடி ஓய்ந்துதான் நிற்கும். நானானால் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்துவேன், நின்றுவிடும். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். இதோ, இந்த விரல் மட்டும் முழுதாக மடங்காது. அது வேறு விஷயம். துளசிமணி கையே வைக்கமாட்டாள். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குழாயடிக்குப் போவாள். தண்ணீர் குடிப்பாள். சேலைத் தலைப்பால் முகம் துடைப்பாள். திரும்பி வருவதற்கும் சக்கு நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. சின்ன வயதில் ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, கணக்கு மட்டும் நிற்கவில்லை. அவள் நிற்கிறபோதெல்லாம் நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். அவளுக்குத் தெரியும்.

பம்பு கம்பெனிக்காரர்கள் புஷ், அதாவது பம்புக்குள் போடுகிற குழல் வளையம், கடைந்து தரச் சொன்னார்கள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். எங்கள் லேத்தில் வேகம் மாற்ற வேண்டுமானால் மெஷினை நிறுத்தி, பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து இன்னொரு புல்லிக்குத் தள்ள வேண்டும். அவளுக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது.

"ஏனுங்க, டிரைவ் போட்டா குமிழத் திருகுனாப் போதுமாமுங்க. என் மெஷினுக்கு மட்டுமாவது போடலாமுங்களா?" என்றாள்.

நான் யோசித்தேன். நல்ல யோசனைதான். ஈ.பி.யிலிருந்து வருகிற கரண்ட் ஒரே தினுசு, ஐம்பது ஹெர்ட்ஸ். இந்தப் பெட்டி அதை நடுவில் வாங்கி, இருபது வேண்டுமா இருபது, அறுபது வேண்டுமா அறுபது என்று மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டாரும் சொன்னபடி கேட்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொன்னபடி கேட்கிற ஒன்று பட்டறைக்கு வருவது நல்லதுதானே என்று நினைத்தேன்.

இக்பால் வந்து அவள் மெஷினில் மாட்டினார். நன்றாக மாட்டினார், குறை சொல்லமாட்டேன். போகும்போது துளசிமணியிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னதாக இப்போது சொல்கிறார். சொல்லியிருக்கலாம். நான் அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் பெட்டிக்குள் வேகம் மட்டும் இல்லை, நிற்கிற நேரமும் இருக்கிறது. எத்தனை செகண்டில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். இக்பால் அதில் பத்து என்று வைத்திருந்தார்.

பத்து. கணக்குப் பாருங்கள். ஒரு புஷ்ஷுக்கு நான்கு தடவை நிறுத்தி அளக்க வேண்டும். நாளைக்கு அறுபது புஷ். நாற்பது நிமிடம் ஆயிற்றா? தினமும் நாற்பது நிமிடம், கரண்ட் இருக்கும்போதே, ஆள் இருக்கும்போதே, சும்மா சுற்றுகிற இரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது. ஒரு செகண்டில் நிறுத்தினால் நான்கு நிமிடத்தோடு போயிற்று. மீதி முப்பத்தாறு நிமிடத்தில் நாலரைப் புஷ் கடையலாம்.

இதை நான் துளசிமணியிடம் சொன்னேன்.

"அரைப் புஷ்ஷ ஆருங்க வாங்குவாங்க?" என்றாள்.

அவள் அப்படித்தான். விஷயத்தைப் பிடிக்கமாட்டாள், ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள்.

நான் அவசரக்காரன் இல்லை. ஒரேயடியாகக் குறைக்கவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பத்தை ஐந்தாக்கினேன். ஒரு வாரம் ஓடியது. ஐந்தை மூன்றாக்கினேன். அப்போது இந்தப் பெட்டியே முரண்டு பிடித்தது. ஸ்டாப் பட்டனைத் தொட்டவுடன் இங்கிலீஷில் இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். மோட்டார் பழையபடி தன் இஷ்டத்துக்குச் சுற்றி நிற்கும். எனக்குக் கோபம் வந்தது. வாங்கி வந்தது நான், எழுத்துக் காட்டுகிறது அது.

இக்பாலுக்குப் போன் போட்டேன். அவசரமாக நிறுத்தினால் மோட்டார் கரண்டைத் திருப்பி அனுப்புகிறதாம், பெட்டி அதைத் தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறதாம். "எதுக்குண்ணா அவ்வளவு வேகமா நிறுத்தறீங்க? அது வேண்டாம்னுதானே சொல்லுது" என்றார். பெட்டி சொல்வதை ஆள் சொல்கிறார், ஆள் சொல்வதைப் பெட்டி சொல்கிறது. நான் வேறு கடையில் விசாரித்தேன். அந்தத் திரும்பி வருகிற கரண்டை வாங்கிக்கொள்ள ரெசிஸ்டர் என்று ஒன்று தனியாக இருக்கிறது. வாங்கிப் போட்டேன். அதற்கப்புறம் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

ஒன்று என்று வைத்தேன்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்டாப் என்றால் ஸ்டாப். போலீஸ்காரர் கை காட்டின மாதிரி. எனக்கு எண்ணுவதற்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

துளசிமணிக்குத்தான் பிடிக்கவில்லை. "சக்குல டக்குனு ஒரு சத்தம் வருதுங்க" என்றாள். பேரிங் பழசு, அப்படித்தான் வரும் என்றேன். அப்புறம் காலையில் வந்ததும் மரக்கட்டையை வைத்துத் தட்டிச் சக்கை இறுக்க ஆரம்பித்தாள். கேட்டால், "ராத்திரிக்குள்ள தளந்துருக்குதுங்க" என்றாள். ராத்திரி மெஷின் ஓடாதபோது எப்படித் தளரும் என்று கேட்டேன். கட்டையால் இன்னொரு தட்டுத் தட்டினாள். அந்த இறுக்குகிற வேலைக்கும் நேரம் போகிறது, வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொன்னதை நிறுத்தினாள். அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை, அதையும் சொல்லவேண்டும்.

ஆனால் குழாயடிக்குப் போவதை நிறுத்தவில்லை. மெஷின் ஒரு செகண்டில் நின்றுவிடுகிறது, இவள் ஸ்டாப்பை அமுக்கிவிட்டுப் பழையபடி நடக்கிறாள். நான் ஒரு வழி செய்தேன். அவளுடைய எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, ஒரு இரும்பு ஸ்டூலைப் போட்டு, மெஷினுக்கு நேர் எதிரில், அவள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நகரவே வேண்டியதில்லை. நின்ற இடத்தில் குடிக்கலாம். அவளுக்காகத்தான் செய்தேன்.

அது நடந்த அன்றைக்குப் பாட்டிலில் தண்ணீர் இல்லை. நிரப்பி வைத்தேனா என்று கேட்டால், அதெல்லாம் என் வேலை இல்லை. அவள் ஸ்டாப்பை அமுக்கினாள். பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள். வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்குத் திரும்பினாள். நான் என் மெஷினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். போகிறாளே என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அந்தச் சக்கு மரை போட்ட சக்கு. பாட்டில் மூடி மாதிரி, சுற்றுகிற தண்டான ஸ்பிண்டிலில் திருகி ஏற்றுவது. பழைய லேத்தெல்லாம் அப்படித்தான். ஓடுகிறபோது ஓட்டமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிண்டில் சட்டென்று நின்றது, சக்கு நிற்கவில்லை. ஓடின திசையிலேயே ஓடியது. திருகிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு கையால் தூக்கினாலே மூச்சு வாங்குகிற இரும்பு. லேத்தின் அடித்தளமான பெட்மேல் விழுந்தது, துள்ளியது, ஸ்டூல்மேல் போய் இறங்கியது. ஸ்டூல் சாய்ந்தது. அப்புறம் தரையில் உருண்டு, அவள் மதியம் சாப்பிட உட்காருகிற பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அது நிற்க எத்தனை நேரம் எடுத்தது என்று அன்றைக்கு நான் எண்ணவில்லை.

துளசிமணி ஈரக் கையோடு திரும்பி வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். பாட்டில் தோசைக்கல்லில் ஊற்றின மாதிரி தட்டையாகக் கிடந்தது. மெயினை அணைத்தாள். வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் முதலில் பெட்டைப் பார்த்தேன். லேத்துக்குப் பெட் முக்கியம், அது போனால் எல்லாம் போயிற்று. சக்கு விழுந்த இடத்தில் ஒரு பள்ளம். ஆழம் பார்க்கிற கேஜை எடுத்து அளந்தேன். இரண்டு தடவை அளந்தேன், முதல் தடவை கேஜைத் தலைகீழாக வைத்துவிட்டேன். வயதாகிறதில்லையா. வாசலில் வந்து நின்றேன்.

அவள் திரும்பாமலே, "எத்தன ஆழமுங்க?" என்றாள்.

"ஒன்றரை மில்லி," என்றேன்.

"செரி" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அவளுக்கும் மெஷின்மேல் அக்கறை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் சொல்கிறேன்.

அந்தப் பாட்டிலை நான் பழைய இரும்புக்காரனுக்குப் போட எடுத்து வைத்தேன். அவள் அதை எடுத்துக் கழுவி, வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். எவர்சில்வர் என்றால் பெண்களுக்கு மனசு வராது. தினமும் விளக்கு ஏற்றும்போது அது என் கண்ணில் படுகிறது. ஸ்டூலின் காலை நான் நிமிர்த்திவிட்டேன். அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்ல வந்தேன்.

அடுத்த நாள் நான் மரையை அரம் போட்டுச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, அவள் இக்பாலை வரவழைத்தாள். என்னைக் கேட்காமல். அவர் வந்து பெட்டின் பள்ளத்தைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரெசிஸ்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். நிற்கிற நேரத்தைப் பன்னிரண்டு என்று வைத்தார். பத்துகூட இல்லை, பன்னிரண்டு. அதோடு விட்டாரா? இவள் என்னமோ கேட்க, அவர் என்னமோ அமுக்க, அந்த இடத்துக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். நான்கு நம்பர் போட்டால்தான் திறக்குமாம். நம்பர் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

நீங்களே சொல்லுங்கள். முப்பத்தெட்டு வருடம் ஒரே பட்டறையில் நிற்கிறோம். இவள் சாப்பாட்டில் என்ன போடுகிறாள் என்று நான் கேட்டதில்லை. நான்கு நம்பரை என்னிடம் சொல்லக்கூடாதா?

கேட்டேன். "நம்பர் என்ன துளசி?" என்றேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

"தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்."

"தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். கல்யாண வருடத்தைப் போட்டுப் பார்த்தேன். மகள் பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தேன். பட்டறைக் கதவு நம்பரையும் போட்டேன். திறக்கவில்லை. இவள் பன்னிரண்டு செகண்டும் முழுதாகக் குழாயடியில் நிற்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிக்கிறாள். அதுவும் இப்போது டம்ளரில்.

அதனால் இன்றைக்குக் காலையில் ஒரு முடிவு எடுத்தேன். டிரைவைக் கழற்றிக்கொண்டு இங்கே வந்து, பூட்டை எடுத்துவிடச் சொல்லி, இரண்டு என்று வைத்துவிடுவது. ஒன்று வேண்டாம். நடந்தது நடந்துவிட்டது, நான் பிடிவாதக்காரன் இல்லை. இரண்டு. ரெசிஸ்டரும் பையில் இருக்கிறது, இதோ.

சண்டை போடுவாள் என்றுதான் நினைத்தேன். நான் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியபோது பெரியதை எடுத்துக் கொடுத்தாள். ஒயர் எது எந்த இடம் என்று நூல் கட்டி அடையாளம் வைத்தாள். இந்தத் துணிப்பையும் அவள் கொடுத்ததுதான். "இட்லி இருக்குது, சாப்புட்டுப் போங்க" என்றாள். இறங்கி வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள்தான் ஒருத்தி வீம்பு பிடிப்பாள்.

என்னைத்தான் கூப்பிடுகிறார். இந்தக் குடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இல்லை, இன்னும் முடியவில்லை. உள்ளே இருக்கும் மின்விசிறியில் இரும்புத்தூள் அடைத்திருக்கிறதாம், சுத்தம் செய்து தருகிறேன் என்றார். அதற்குக் காத்திருக்கிறேன்.

பூட்டா? அது எடுத்தாகிவிட்டது. அதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை. பையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே இக்பால் சொன்னார்: "அக்கா காலையிலயே போன் பண்ணிட்டாங்கண்ணா. நம்பர் அவர்கிட்டச் சொல்லிருங்க, அவர் இஷ்டப்படி எத்தன வேணும்னாலும் வெச்சுக் குடுத்துருங்கன்னாங்க."

பார்த்தீர்களா, நான் சொன்னேன் இல்லையா, இறங்கி வந்துவிட்டாள் என்று.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். நாளையிலிருந்து அவள் என் மெஷினில் நிற்கிறாளாம். டிரைவ் போட்ட மெஷினில் நான் நிற்க வேண்டுமாம். தோள்பட்டை வலி எப்படி என்று கேட்டதற்கு, பெல்ட் தள்ளுகிற வலியைத் தாங்கிக்கொள்ளலாம் என்றாளாம். இதை இக்பால் சிரிக்காமல் சொன்னார்.

எனக்கு அதில் ஒன்றும் ஆட்சேபணை இல்லை. எந்த மெஷினாக இருந்தால் என்ன. என் மெஷின் தானாக நிற்க அரை நிமிடம் ஆகும், அவள் கை வைக்கமாட்டாள், அது அவள் பாடு.

"எத்தன செகண்டு போடட்டும்ணா? ரெண்டுதானே?" என்று இக்பால் கேட்டார். விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். சொன்னேனே, அவர் அவசரப்படமாட்டார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கொஞ்சம் யோசித்தேன். ஒரு மெஷினுக்கு எதிரில் நின்று ஓட்டுகிறவனுக்குத்தான் அதன் தன்மை தெரியும். அந்த மெஷினின் பேரிங் பழசு. உங்களிடம் முன்பே சொன்னேன். பழைய பேரிங்கைச் சட்டென்று நிறுத்தினால் அதற்கு நல்லதில்லை. அரம் போட்ட மரை வேறு.

"இருபது போடுங்க" என்றேன்.

"அக்காவே பன்னெண்டுதான் வெச்சிருந்தாங்க."

"அவளுக்குப் பேரிங்கப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். "இருபது போடுங்க."

போட்டார். ரெசிஸ்டரைக் கேட்டார், பையிலேயே இருக்கட்டும் என்றேன். மறுபடியும் பூட்டுப் போட வேண்டுமா என்றார். போடுங்கள் என்றேன், பட்டறை என்றால் நாலு பேர் வருவார்கள், போவார்கள், யாராவது கையை வைத்துவிடுவார்கள். நம்பரை அவளிடமே சொல்லிவிடுங்கள் என்றேன். எனக்கு நம்பரெல்லாம் ஞாபகம் இருக்காது.

உங்கள் முறை வந்துவிட்டது, போங்கள். ஒரு நிமிடம், கேட்க மறந்துவிட்டேன். இங்கே பக்கத்தில் பாத்திரக் கடை எந்தப் பக்கம்? ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்க வேண்டும். எனக்குத்தான். இருபது செகண்ட் சும்மா நிற்க முடியாது, தண்ணீராவது குடிக்கலாம்.

குழாயடியில் ஒரு ஆணி இருக்கிறது. அதில் மாட்டிக்கொள்வேன். அந்த ஸ்டூலை வேறு யாரோ மெஷினுக்கு நேர் எதிரில் போட்டு வைத்திருக்கிறார்கள், போனதும் முதல் வேலையாக அதை எடுத்துப் போட வேண்டும்.